வழிகாட்டி வேண்டாம் என்றவரைத் தேடிய திங்கட்கிழமை

பயண முகவர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சைவம். முட்டைகூடத் தொடாதவள். துப்பாக்கியைக் கையால் பிடித்ததும் இல்லை. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டனிலிருந்து அமெரிக்க மலைகளுக்கு எல்க் வேட்டைக்குப் போனவர்களில் எத்தனையோ பேரை அனுப்பி வைத்தவள் நான்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பேக்கர் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அலுவலகத்தில். முதலாளி இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். ஸ்கொட்லாந்தில் மான், நோர்வேயில் மீன், அமெரிக்காவில் எல்க் என்று பணக்காரரையும், பணக்காரர் போல ஒரு கிழமை இருந்து பார்க்க ஆசைப்பட்டவர்களையும் அனுப்புகிற இடம். நான் தட்டெழுத்துக்காகப் போனவள். நாலு வருடத்தில் எல்க் மேசை என்னிடம் வந்தது. காரணம், ஒப்பந்தங்களின் சின்ன எழுத்துகளை என்னைத் தவிர அங்கே ஒருவரும் வாசிக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

எல்க் என்பது நம் வன்னிக் காட்டு மரைமானுக்கு அண்ணன் முறை. கிடா ஒன்று விழுந்தால் ஓர் எருமைக்கடா விழுந்த மாதிரி. அதைத் தேடி மலையேற வருகிற ஒவ்வொருவரும் என் மேசையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முகாம்காரரோடு போவதா, நாங்களாகவே போவதா? அங்கே இதற்கென்றே வேட்டை முகாம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குதிரை, கூடாரம், சமையல், வழிகாட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மற்ற வகை, வாடகைக் காரும் வரைபடமும் எடுத்துக்கொண்டு நீங்களே ஏறுவது. செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நடுவில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. முகாம்காரர் உங்களைக் குதிரையில் கொண்டுபோய்க் கூடாரத்தோடு இறக்கிவிடுவார், கிழமை நடுவில் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார், மிச்சம் உங்கள் பாடு.

எது யாருக்குச் சரி என்பதை ஆளின் பணத்தைப் பார்த்தோ, குறி தப்பாமல் சுடுவாரா என்பதைப் பார்த்தோ முடிவு செய்யக் கூடாது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். “மிருகம் விழுந்த பிறகு அதை யார் சுமப்பது?” ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், குறி பார்ப்பதில் வெகு பெயர் எடுத்தவர், “யாராவது இருப்பார்கள்தானே” என்றார். அவரை வழிகாட்டி, சமையல்காரர், நாலு குதிரை சகிதம் அனுப்பினேன். இன்னொருவர், ஆடு வளர்க்கிற விவசாயி, கேள்வியைக் கேட்டதும் விரலை மடக்கி எத்தனை நடை வரும், எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். அவர் தாராளமாகத் தனியே போகலாம். முதலாளி இதைக் கேட்டுவிட்டு, தன் இராணுவத்தில் என்னைப் போல் ஒருத்தி இருந்திருக்க வேண்டும் என்றார். எனக்குச் சம்பளம் கூட்டியதைவிட அது இனித்தது.

இவ்வளவு கெட்டிக்காரியான நான் விட்ட பிழையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மகாலிங்கம் அண்ணை கிங்ஸ்பரியில் இருந்தவர். வவுனியாப் பக்கம் காட்டோரக் கிராமத்தில் பிறந்து, அறுபதுகளில் லண்டன் வந்து, தொழிற்சாலையொன்றில் பொறியியலாளராக இருந்தார். கூட வேலை செய்த பீற்றர் என்ற ஆங்கிலேயரோடு வருடா வருடம் ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்குப் போவார். எங்கள் அலுவலகத்தில் ‘எங்கடை பிள்ளை ஒண்டு’ இருக்குது என்று கேள்விப்பட்டு, ஐம்பத்திரண்டு வயதில் பீற்றரையும் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“வழிகாட்டியோ? எனக்கோ?” என்றார், நான் விளக்கி முடிக்க முன்பே. “பிள்ளை, பதினாலு வயசிலை மரைக்கு வெடி வைச்சு விழுத்தினவன் நான். என்னைக் குதிரையிலை ஏத்தி ஒருத்தன் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறதோ? விசர்க் கதை கதையாதை.”

“நடுவிலை ஒண்டு இருக்குது அண்ணை. கொண்டுபோய் இறக்கிவிடுவினம், புதன்கிழமை வந்து பாப்பினம்...”

“ஆரைப் பாக்க? எனக்கென்ன பிள்ளைப்பேறோ?”

பீற்றர் பக்கத்தில் இருந்து, மொழி விளங்காமலே சிரித்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன். மகாலிங்கம் அண்ணை, எலும்பை நீக்கி ஐந்து மூட்டையாகக் கட்டினால் இரண்டு பேருக்கு எத்தனை நடை வரும் என்று கடகடவெனச் சொன்னார். சரியான பதில். அவர் காடு தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே தனியே போகலாம் என்று ஒப்புக்கொண்டேன். அந்த முடிவு பிழையில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதன்பிறகு இருவரும் என் மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போனால் மலையுச்சிக்குக் கிட்ட மரமே இல்லாத பெரிய புல்வெளி. எல்க் அங்கேதான் மேய வரும் என்று பீற்றர் பென்சிலால் வட்டம் போட்டார். தெற்கே போனால் அடர்ந்த காட்டுக்குள் ஒரு சின்ன நீர்நிலை. மகாலிங்கம் அண்ணை அங்கே வட்டம் போட்டார். “மிருகத்துக்குப் பின்னாலை திரியிறதோ வேட்டை? மோட்டைக்குப் பக்கத்திலை மரத்திலை ஏறி, காத்து மூஞ்சியிலை படப் பேசாமல் இரு. அது தண்ணிக்கு வரும்” என்று என்னிடம் தமிழில் சொன்னார். மோட்டை என்றால் வன்னியில் காட்டுக்குள் இருக்கிற சிறு நீர்த்தேக்கம். பீற்றர் விடவில்லை. கடைசியில் அண்ணை “சரி சரி” என்று வரைபடத்தை மடித்துவிட்டார்.

தனியே போகிறவர்களுக்காக நானே ஒரு படிவம் செய்து வைத்திருந்தேன். எந்த இடத்தில் கூடாரம், எந்த நாள் இறங்குவீர்கள், இறங்கியதும் யாருக்குப் போன் எடுப்பீர்கள். மகாலிங்கம் அண்ணை எல்லாம் நிரப்பினார், கூடாரம் போடுகிற இடத்தைத் தவிர. “பேந்து சொல்லுறன்” என்றார்.

புறப்படுகிற நாள் காலை, விமான நிலையத்துக்குப் போகிற வழியில், பயணச் சீட்டுகளை எடுக்க வந்தார். தோளில் பை. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார், வாசலுக்குப் போய்விட்டார். அப்போதுதான் கோப்பில் அந்த வெறும் கட்டம் என் கண்ணில் பட்டது. கேட்க வாயைத் திறந்தேன்.

நீங்கள் லண்டனில் பிறந்த பிள்ளைகள், உங்களுக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ. பயணம் என்று வெளிக்கிட்டு வாசலில் கால் வைத்தவரை ‘எங்கே போறியள்’ என்று நம் வீடுகளில் கேட்பதில்லை. போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள்; ‘தூரமோ’ என்று மட்டும்தான் கேட்பார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவள் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் வயதில் மூத்த மனிசன், துப்பாக்கியோடு கடல் கடந்து போகிறவர், ஒரு கால் வாசலுக்கு வெளியே. என் நாக்கு தானாகத் திரும்பிவிட்டது.

“தூரமோ அண்ணை?” என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை, கொஞ்சம் தூரம்தான். போட்டு வாறன்” என்று சிரித்துக்கொண்டு படியிறங்கினார்.

பக்கத்து மேசை ஆங்கிலப் பெண்ணாக இருந்தால் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாள். எனக்குத்தான் மரியாதை தடுத்தது. நல்ல மரியாதை!

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மலையிறங்கி வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை மத்தியானம் மகாலிங்கம் அண்ணையின் மனைவி பவளம் அக்கா அலுவலகத்துக்கு அழைத்தார். “இவர் நேற்று எடுக்கேல்லை. உங்களுக்கு ஏதும் எடுத்தவரோ?” என்றார். குரலில் பதற்றத்தைக் காட்டக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குக் கேட்டது.

இருவரும் முதல் இரவு தங்கிய விடுதிக்கு அழைத்தேன். அங்கே அப்போது காலை. சனிக்கிழமை தொடங்கி இடுப்பளவு பனி கொட்டியிருக்கிறது, அவர்களுடைய கார் திரும்பவில்லை, பின்னேரம் இன்னொரு பனிப்புயல் வருகிறது என்று விடுதிக்காரர் சொன்னார்.

முதலாளியிடம் ஓடினேன். “வேட்டைக்காரர்கள் பிந்துவார்கள். விமானம் புதன்கிழமைதானே. தேடுதல் படையைக் கூப்பிட்டு, அவர் சிரித்துக்கொண்டு நடந்து வந்தால், அவரும் மன்னிக்க மாட்டார், அந்த ஊர்க்காரரும் இனி எங்கள் ஆட்களை மதிக்க மாட்டார்கள். நாளை வரை பொறு” என்றார். அவர் மூளையில்லாமல் சொல்லவில்லை. அப்படி இரண்டு தடவை நடந்தும் இருந்தது. வீண் கலவரம் என்றால் வெம்பிளியிலிருந்து நோர்பரி வரை லண்டன் தமிழ்ச் சனம் என்னைச் சொல்லிச் சிரிக்கும். வேலையும் போகலாம்.

“வெட்கப்பட்டால் நான் பட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை அவர் உயிரோடு இருந்தால்தான் கோபப்படவும் முடியும்” என்று சொல்லிவிட்டு, முதலாளியின் பதிலுக்குக் காத்திராமல், அந்தப் பகுதியில் தேடுதலுக்குப் பொறுப்பான ஷெரிப்பின் பொலிஸ் அலுவலகத்துக்கு அழைத்தேன். பிள்ளைகளே, முதலாளியை எதிர்க்கச் சொல்லி நான் உங்களைத் தூண்டவில்லை. எதிர்ப்பதாக இருந்தால் கெதியாக எதிர்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

எடுத்தவள் ஒரு பெண் அதிகாரி. பெயர், வயது, உடுப்பு எல்லாம் கேட்டுவிட்டு, “கூடாரம் எங்கே?” என்றாள்.

“தெரியாது” என்றேன். இருபது வருட வேலையில் நான் சொன்ன மிகக் கேவலமான வார்த்தை அதுதான்.

அவள் திட்டவில்லை. ஆட்களை நடக்கவிட்டால் அந்தப் பனியில் நாளைக்குத்தான் போய்ச் சேருவார்கள், ஹெலிகொப்டர் ஒன்று இருக்கிறது, மேகம் மறுபடி இறங்க முன் ஒரு தடவைதான் பறக்கும், ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும் என்றாள். “வடக்கா, தெற்கா? கால் மணித்தியாலம் தருகிறேன்.”

கோப்பில் இருந்த வரைபடப் பிரதியை எடுத்தேன். இரண்டு வட்டங்கள். அன்றைக்கு மேசையில் வென்றவர் பீற்றர். அன்றைய பேச்சை மட்டும் பார்த்தால் வடக்கு. ஆனால் நம் ஆம்பிளைகள் இரண்டு தரம் ‘சரி சரி’ என்று சொன்னால் ஒத்துக்கொண்டார்கள் என்றா அர்த்தம்? என் மனிசனும் அப்படித்தான் சொல்வார். சொல்லிவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வார். இருந்தாலும் இரண்டு உயிரை என் மனிசனின் குணத்தை நம்பி முடிவு செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. பவளம் அக்காவுக்கு அழைத்தேன்.

“அக்கா, அண்ணை வெளிக்கிடேக்கை என்னென்ன சாமான் கட்டினவர்? எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

“எனக்கெங்கை ஞாபகம்... கம்பளிச் சட்டை, சப்பாத்து, நான் செய்து குடுத்த மிளகாய்த் தூள்...” அழத் தொடங்கிவிட்டார்.

“அழாதேங்கோ அக்கா. நேரமில்லை. புதுசா ஏதும் வாங்கினவரோ?”

“கயிறு. பச்சைக் கயிறு ஒரு கட்டு. வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் போய் வாங்கினவர். என்னத்துக்கு இவ்வளவு எண்டு பேசினனான். மரத்திலை கட்டி இருக்கிறதுக்கு எண்டவர்.”

வடக்குப் புல்வெளியில் மரம் இல்லை. புறப்படுவதற்கு முதல் நாள் கயிறு வாங்கியவர் பீற்றரின் இடத்துக்குப் போகிற எண்ணத்தில் வாங்கியிருக்க மாட்டார்.

அந்தப் பெண்ணுக்கு அழைத்து, “தெற்கு, நீர்நிலைக்குப் பக்கம்” என்றேன். “நிச்சயமா?” என்று கேட்டாள். இந்த இடத்தைக் கவனியுங்கள். நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு நிச்சயமில்லை. கயிற்றைப் பற்றியும், மரத்தில் இருந்து வேட்டையாடுகிற வன்னிப் பழக்கத்தைப் பற்றியும் சொன்னேன். அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு உங்கள் தைரியத்தைக் கொடுக்காதீர்கள், காரணத்தைக் கொடுங்கள். அவர்கள் அதை எடைபோடத் தெரிந்தவர்கள். “தெற்கே அனுப்புகிறேன்” என்றாள் அந்தப் பெண்.

பவளம் அக்கா வீட்டில் இருக்க ஏலாமல் ஜூபிலி லைன் நிலக்கீழ் ரயிலில் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால், தன் கணவர் அன்றைக்கு இருந்த கதிரையிலேயே இருந்தார். முதலாளி தானே தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அக்கா தொடவில்லை. தொலைபேசியைப் பார்த்தபடி, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“நீதானே பிள்ளை அவரை அனுப்பினது?”

“ஓம் அக்கா. நான்தான்.”

பதிலுக்காகக் காத்திருந்த மூன்று மணித்தியாலமும் அந்த வாசலும், நான் கேட்காமல் விட்ட கேள்வியும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. காட்டுக்குள்ளிருந்து புகை தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். நான் தமிழில் சொல்ல மறந்து “அலைவ், அலைவ்” என்று கத்தினேன். பவளம் அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். பிறகு என்னிடம் வந்து, “நான் பிழை, நீ சரி” என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை இறங்கி வரும்போது, பனி மூடிய மரக்கட்டை ஒன்றில் வழுக்கிப் பீற்றரின் கால் முறிந்துவிட்டது. மகாலிங்கம் அண்ணை அவரை விட்டு நகரவில்லை. கயிற்றை மரங்களுக்கு இடையில் கட்டி, கூடாரத் துணியைப் போட்டு, இரண்டு இரவு நெருப்பை அணையவிடாமல் காத்திருக்கிறார். ஈரச் சப்பாத்துக்குள் விறைத்துப்போன அவருடைய இரண்டு கால்விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து மகாலிங்கம் அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு, பவளம் அக்காவோடு வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். இடத்தைக் கேட்காமல் அனுப்பியது என் பிழை என்றேன்.

“நல்லகாலம் கேக்காமல் விட்டாய்” என்றார். “கேட்டிருந்தால் பீற்றர் சொன்ன இடத்தைத்தான் சொல்லியிருப்பன். மலைக்குப் போய்த்தான் அவனை என்ரை இடத்துக்குச் சம்மதிக்க வைக்கிறது எண்டு இருந்தனான். அந்தப் பேப்பரை நம்பி வடக்கை தேடியிருந்தால் எங்களைப் பிணமாத்தான் எடுத்திருப்பினம்.”

ஒரு மாதமாக நித்திரையில்லாமல் கிடந்தவள் நான். ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

“அப்ப மனம் மாறினால், கார்க் கண்ணாடியிலை ஒரு துண்டு எழுதி வைச்சிட்டுப் போக உங்களுக்குக் கை இல்லையோ?” என்று கத்திவிட்டேன். “வழிகாட்டி வேண்டாமெண்டால் ஒருத்தரும் வேண்டாமெண்டோ அர்த்தம்? நீங்கள் எங்கை கிடக்கிறியள் எண்டு அறியிறதுக்கும் இஞ்சை ஆக்கள் இருக்கிறம்!”

நம் ஆட்களில் வயதில் மூத்த ஒருவரை நான் இப்படி ஏசியது அதுதான் முதல் தடவை. அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். பவளம் அக்கா என் கையைப் பிடித்தார்.

“நல்லாப் பேசு பிள்ளை. நான் ஒரு மாசமா இவரைப் பேச ஏலாமல் இருக்கிறன்.”

பயணக்காரர்கள் வழிகாட்டி வேண்டாம் என்றால் வழிகாட்டி செய்கிற வேலை இல்லாமல் போய்விடாது. அதில் பாதி மலைக்குப் போகிறவர் தலையிலும் பாதி உங்கள் மேசையிலும் வந்து விழுகிறது. அன்றிலிருந்து தனியே போகிற ஒருவரையும் இடம் கேட்காமல் நான் வாசலைத் தாண்ட விட்டதில்லை. மனம் மாறினால் இடத்தை எழுதிக் காரில் துண்டு வைப்பேன் என்று கையெழுத்தும் வாங்கினேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். என் கையால் போன அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள், அந்தப் பெருமையை நான் ஒருவருக்கும் விட்டுத் தர மாட்டேன்.

அடுத்த வருடம் இலை கொட்டத் தொடங்க முன்பே மகாலிங்கம் அண்ணை மறுபடி வந்தார். ஒருபக்கம் சற்றே சாய்ந்த நடை. கதிரையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, நானும் பீற்றரும் யோசிச்சனாங்கள். இந்த முறை குதிரைக்காரனைப் போடு. வழிகாட்டியையும் போடு. எனக்கு எல்லாம் தெரியுமெண்டு நினைச்சது என்ரை மடைத்தனம்.”

நான் அவரைப் பார்த்தேன். விரலைக் கொடுத்துக் கூட்டாளியைக் காப்பாற்றிய மனிசன், தனக்கு எல்லாம் தெரியாது என்று என் முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்கிறார். அவருக்காக நான் எடுத்த குதிரை முகாம் படிவத்தை ஓரமாக வைத்தேன்.

“வேண்டாம் அண்ணை. போன வருசம்தான் உங்களுக்கு வழிகாட்டி தேவைப்பட்டது” என்றேன். “இந்த வருசம் நீங்கள் தனியாப் போகலாம்.”